அடிநாதம் கெடாமல்

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி, வழக்கமான சுருதியில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மற்ற மூன்றும் முறையே 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. செவி கேட்கத் தொடங்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால், இக்கருவி செவியின் வாசற்படியிலேயே உட்கார்ந்து பேசுகிறது எனலாம். அதைக் கேட்பவரின் கையில் இருப்பதோ பெரும்பாலும் கைப்பேசி; அதனுள் இருக்கும் விரல்நகம் போன்ற ஒலிபெருக்கி, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி எதையும் தருவதில்லை. கருவி பேசும் இடத்துக்கும் கேட்பவர் கேட்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பதே, பேஸ் வாசிப்பவர் பெடல் வாங்கும்போதும், வீட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யும்போதும், தெரிந்தோ தெரியாமலோ போடும் கணக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேல் இக்கருவியை வாசித்தும், அதில் பாதிக் காலம் சென்னையில் ஒரு வாடகை வீட்டின் ஓர் அறையில் பதிவு செய்தும் வந்த ஒருவரின் அனுபவம் இங்கே சொல்லப்படுகிறது; அந்த அனுபவத்தில் பெரும்பகுதி, வாங்கிய பொருள்கள் எதைக் கொடுத்தன என்பதைவிட எதை எடுத்துக்கொண்டன என்பதைக் கண்டுகொண்டதில் கிடைத்தது.

அந்தக் கணக்குக்கு இயற்கை ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது. தந்தி அதிரும்போது அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என அடுக்கடுக்காக வேறு அதிர்வெண்களும் சேர்ந்தே எழுகின்றன; இவற்றை மேற்சுரங்கள் என்பர். தடித்த தந்தியை மீட்டினால் 41 மட்டுமன்றி 82, 124, 165, 206 ஹெர்ட்ஸிலும் ஒலி உண்டு. சிறிய ஒலிபெருக்கி முதல் சிலவற்றை விழுங்கிவிட்டாலும், மிஞ்சிய மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று 41 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பதை உணர்ந்து, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் நகரும் விதத்தைத் தேநீர்க் கடையின் தகரக்குரல் ஒலிபெருக்கியில் கேட்டே முணுமுணுக்கக் கற்றுக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் செவிக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் மேற்சுரங்கள்தான். அப்பாடல்களில் பேஸ், தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல் தனக்கென ஒரு மெட்டோடு நடப்பதும், அடிக்கடி மேல்தந்திகளுக்கு ஏறுவதும் அதற்கு உதவின என்பது இவ்வரிகளை எழுதுபவரின் கணிப்பு.

பெடல் என்பது காலால் மிதித்து இயக்கும் சிறு மின்னணுப் பெட்டி. கருவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அமர்ந்து, வரும் மின்குறிப்பை ஏதேனும் ஒரு வகையில் மாற்றி அனுப்புகிறது. அவற்றுள் மூத்த வகைகளில் ஒன்றான ஃபஸ், அதாவது அலையின் முகட்டை வெட்டிச் சதுரமாக்கிக் கரகரப்பூட்டும் பெடல், கிட்டாருக்குச் சொந்தமானது என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது பேஸ் வகைக் கருவி ஒன்றிலிருந்து பிறந்தது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வரி' என்ற பாடலுக்காக நாஷ்வில்லில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸில் வாசித்தபோது, ஒலிக்கலவை மேசையின் ஒரு சேனல் பழுதாகி ஒலியைக் கிழித்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டனர். அந்தக் கிழிசலை வேண்டும்போது வரவழைக்கும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை, அங்கிருந்த ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி பின்னர் உருவாக்க, கிப்சன் நிறுவனம் 1962இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' கிட்டாரில் அதை ஒலிக்கச் செய்த பிறகு, பிள்ளை முற்றிலும் வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

போன பிள்ளை பேஸின் வீட்டுக்குத் திரும்பி வரும்போதெல்லாம் சண்டைதான். ஃபஸ்ஸைப் போலவே ஒலியைக் கரகரப்பாக்கும், கிட்டாருக்கென வடிவமைத்த டிஸ்டார்ஷன் பெடலைப் பேஸில் மாட்டி வாசித்தவர் எவரும் அதை அறிவர்: தனியாக வாசிக்கும்போது இடிபோல முழங்கும் ஒலி, டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தவுடன் கொசுவின் ரீங்காரமாக மெலிந்துவிடுகிறது. காரணம் பெடலுக்குள்ளேயே இருக்கிறது. 1970களின் இறுதியில் வந்து இன்றும் ஆயிரம் நகல்களாக விற்கும் ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெருக்கிச் சுற்றில் 4.7 கிலோஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக அமர்ந்திருக்கின்றன. அவ்விரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு கோடு கிழிக்கின்றன. அக்கோட்டுக்கு மேலுள்ள ஒலியே முழுமையாகப் பெருக்கப்பட்டுக் கரகரப்பாகிறது. கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகிறது. கிட்டாருக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனெனில் அதன் அடிப்பகுதி குழையாமல் நிற்கும். பேஸின் எல்லா அடிப்படைச் சுரங்களும் அக்கோட்டுக்குக் கீழே வாழ்பவை என்பதுதான் சிக்கல். அவை பெருக்கப்படாமல் கடந்துபோக, மேலுள்ளவை மட்டும் பல மடங்கு வீங்குவதால் செவிக்கு அடி காணாமல் போனதாகவே தோன்றுகிறது.

இவ்வரிகளை எழுதுபவர் சால்டரிங் அயனைக் கையில் எடுத்தது அந்தக் கோட்டைக் கீழிறக்கத்தான். அதற்கு வேண்டியது சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. பெடலின் அடித்தகட்டின் நான்கு திருகுகளைக் கழற்றி, பழைய மின்தேக்கியின் கால்களில் சால்டரை உருக்கி உறிஞ்சி எடுத்து, துளைகளைத் துடைத்துவிட்டுப் புதியதைப் பதித்தால், மின்தேக்கியின் மதிப்பு பத்து மடங்கு ஏறியதால் கோடு பத்தில் ஒன்றாக, 72 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. புதிய மின்தேக்கி பழையதைவிடப் பருத்திருந்ததால் மூடி சரியாக அமராமல், கால்களை வளைத்து அதைப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. ஆனால் விளைவு எதிர்பார்த்தபடி இல்லை. அடி திரும்பி வந்தது உண்மை. வந்த அடியும் கரகரத்ததால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் சேற்றில் கால் வைத்தது போல் அமிழ்ந்தது. அடிநாதத்தைச் சிதைவுக்குள் இழுத்துவருவதும் அதைத் தொலைப்பதும் ஒரே அளவு தவறு என்பது அன்று புலப்பட்டது.

சரியான விடை, குறிப்பை இரண்டாகப் பிரிப்பது. ஒரு கிளை எந்த மாற்றமும் இல்லாமல் தூய்மையாகப் போக, மற்றொன்று மட்டும் பெடலுக்குள் புகுந்து வெளிவர, இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலப்பது. இதற்கான குமிழை பிளெண்ட் என்பர். இன்று பேஸுக்கென்றே செய்யப்படும் டிஸ்டார்ஷன் பெடல்களில், பின்லாந்தின் டார்க்கிளாஸ் முதல் பாஸ் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஓடிபி-3 வரை, இக்குமிழ் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. எண்ணம் புதியதன்று. 1965இல் பீட்டில்ஸின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாடலில் பால் மெக்கார்ட்னி சாதாரண பேஸ் ஒன்றையும் அதன்மேல் ஃபஸ் பேஸ் ஒன்றையும் வாசித்தார். இருமுறை வாசித்த அந்த வேலையை இன்று ஒரு குமிழ் செய்கிறது. பேஸ் பெடல் வாங்கச் செல்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று, பிளெண்ட் உண்டா என்பதே. இக்குமிழ் இல்லாத பெடல் ஏற்கெனவே கையில் இருந்தால், பிளெண்ட் மட்டும் செய்யும் தனிப்பெட்டியையும் வாங்கிக்கொள்ளலாம்.

கம்ப்ரஸர் என்னும் பெடல் வேறு வகையான பொறுமையைக் கேட்கிறது. ஓங்கி ஒலிப்பதை அமுக்கி, மெலிந்து ஒலிப்பதை மேலேற்றி, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது அதன் வேலை; ஒலி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியபின் எவ்வளவு நேரத்தில் அமுக்கத் தொடங்குவது என்பதை அட்டாக் என்றும், அடங்கியபின் எவ்வளவு நேரத்தில் பிடியை விடுவது என்பதை ரிலீஸ் என்றும் சொல்வர். கிட்டார்க்காரர்கள் பரிந்துரைக்கும் வேகமான அமைப்பு பேஸில் ஏன் கரகரக்கிறது என்பதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும். நொடிக்கு 41 முறை அதிரும் தந்தியின் ஓர் அதிர்வுக்கு 24 மில்லிநொடி ஆகிறது. அட்டாக்கும் ரிலீஸும் அதைவிட மிகக் குறைவாக இருந்தால், பெடல் சுரத்தின் உரப்பைத் தொடர்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு அலையின் மேடு பள்ளத்தையும் துரத்தத் தொடங்குகிறது; அலையின் வடிவம் கெட்டு, வேண்டாத சிதைவு பிறக்கிறது. அட்டாக்கை 20, 30 மில்லிநொடிக்குத் தள்ளினால் விரல் தந்தியைத் தொடும் முதல் சத்தம் தப்பித்துவிடும், அதன் பின்னேயே பிடி விழும். எண்கள் அச்சிடாத இரண்டு குமிழ்ப் பெடல்களில் இதைக் காதால்தான் அமைக்க வேண்டும்: தடித்த தந்தியை நீளமாக ஒலிக்கவிட்டு, கரகரப்பு மறையும் வரை குமிழைத் திருப்புவது தவிர வேறு வழியில்லை.

ஆக்டேவர் வாசித்த சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கிறது. 1982இல் வந்த பாஸ் ஓசி-2 போன்ற அனலாக் பெடல்களில் அலையின் ஏற்றங்களை எண்ணி, இரண்டுக்கு ஒன்றாகக் குறைக்கும் சுற்று இதைச் செய்கிறது. ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் அதற்குப் புரியும், அதுவும் மேற்சுரங்கள் அடர்ந்த கீழ்த்தந்திகளில் எண்ணிக்கை தவறித் திக்கும். தடித்த தந்தியைத் திறந்து வாசித்தால் அது தரவேண்டியது 20 ஹெர்ட்ஸ் ஒலி, அதைத் தரக்கூடிய ஒலிபெருக்கி பெரும்பாலான வீடுகளில் இல்லை. எனவே ஆக்டேவரோடு வாசிப்பவர் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே குடிபெயர வேண்டும். பினோ பலடினோ எண்பதுகளில் பால் யங்கின் பாடல்களில் ஃப்ரெட் இல்லாத பேஸோடு இதைக் கொண்டு செய்தது அந்த மேல்மாடி வாழ்க்கைக்கு நல்ல பாடம். விரலின் அழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடி 'வாவ்' என்று வாய் பேசும் என்வலப் ஃபில்டர், பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸின் கையில் மியூ-டிரான் என்ற பெயரில் புகழ்பெற்றது. அது விரலின் ஏற்ற இறக்கத்தையே உணவாக உண்பதால், அதைக் கம்ப்ரஸருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி வாய் திறக்கும். கோரஸ் பெடலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது மேல்தந்திகளில் அழகு, கீழே இறங்கினால் சுருதி தள்ளாடும்.

பெடல்களைப் பற்றிப் பேசுபவர்கள் பேசத் தயங்கும் பொருள் மின்சாரம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், பிளக்கின் நடுமுனை எதிர்மறையாக இருக்கும் அடாப்டரில் இயங்குகின்றன. வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டர் அடாப்டரின் நடுமுனை பெரும்பாலும் நேர்மறை என்பதை மறந்து செருகினால் பெடல் அன்றே மடிந்துவிடக்கூடும். ஃபஸ், ஓவர்டிரைவ் போன்ற அனலாக் பெடல்களுக்குச் சில மில்லிஆம்பியர் போதும். டிஜிட்டல் பெடல்கள் 100 முதல் 300 மில்லிஆம்பியர் வரை கேட்கும். ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரிந்து ஐந்தாறு பெடல்களுக்குப் போகும் மலிவான சரவயர் ஒன்று கடைகளில் உண்டு. ஒரு விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு அதை வாங்கியதில் இவ்வரிகளை எழுதுபவருக்கு ஒரு முழுநாள் பதிவு பாழாயிற்று, அது பாழான விதமே ஒரு பாடம்.

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. பேஸின் தடித்த தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அன்று பதிவான பாட்டின் முடிவில் அந்தச் சுரத்தை நான்கு தாள அளவுக்கு நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தபோதெல்லாம் ஒலி நொடிக்கொருமுறை மூச்சுவிடுவது போல் ஏறி இறங்கியது. தந்திக்குச் சுருதி கூட்டியதில் பயனில்லை, தந்தியை மாற்றியதிலும் பயனில்லை, ஃப்ரெட்டின்மேல் சந்தேகம் வந்து கழுத்தின் திருகையும் திருகிப் பார்த்தாயிற்று. சரவயரின் வழியே வந்து கலந்த 50 ஹெர்ட்ஸ் முனகலும் தந்தியின் 49 ஹெர்ட்ஸும் உரசி, அவற்றின் வேறுபாடான ஒரு ஹெர்ட்ஸில் துடிப்பை உண்டாக்கியிருக்கின்றன என்பது மாலையில் கருவியின் கேபிளைப் பிடுங்கியபின்னும் முனகல் தொடர்ந்தபோதுதான் விளங்கியது. கிட்டார்க்காரர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டியெறிந்து அந்த முனகலின் அடியையாவது ஒழித்துவிடலாம். பேஸ்காரருக்கு அது தன் வீட்டு நடுக்கூடம், அங்கே கத்தி வைக்க முடியாது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே பிரிக்கப்பட்ட வெளியீடு தரும் மின்வழங்கி விலை கூடுதல்தான் என்றாலும், பேஸ் வாசிப்பவருக்கு அது முதல் பெடலுக்கும் முந்திய செலவு. சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்களில் 50இன் ஒற்றைப்படை மடங்குகள் சேர்ந்து பாடும் என்பதால், மின்வெட்டின்போது பதிவை நிறுத்தி வைப்பதே நல்லது.

முனகலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை முறித்துவிடும் வழக்கம் மேடைகளில் இன்னும் உண்டு. 1972இல் சுவான்சி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிட்டார்க் கலைஞர் அங்கேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் வளையத்தால் வரும் முனகலுக்கு டிஐ பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது. முள்ளில் கைவைக்க எந்தக் காரணமும் இல்லை.

டிஐ என்பது கருவியின் மென்மையான குறிப்பை, ஆம்பும் மைக்கும் இல்லாமல் ஒலிப்பதிவுச் சாதனத்துக்கு நேராக அனுப்பும் இணைப்புமுறை. பேஸின் வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் குறுகலான கூடத்தில், ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரெசிஷன் பேஸை மேசைக்குள் நேராகவே செருகி வாசித்தார். தட்டையாகச் சுற்றிய தடித்த தந்திகள், வலக்கையின் ஒற்றைச் சுட்டுவிரல், பெடல் ஒன்றுகூட இல்லை. அறுபதுகளின் அந்த ஒலியைத் தேடி இன்று பெடல் வாங்குபவர்கள் தந்தியையும் விரலையும் முதலில் பார்ப்பது நலம்.

வீட்டில் இவ்வேலையைச் செய்வது ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் கையடக்கப் பெட்டி. கருவியின் மின்குறிப்பை எண்களாக்கிக் கணினிக்குத் தருகிறது. 1989இல் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டிப் பஞ்சதன் கூடத்தை அமைத்தபோது அதற்கு ஓர் அறை நிறைய இயந்திரங்கள் தேவைப்பட்டன. 1992இன் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. 2011இல் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசை வந்தபின், இரண்டு சேனல் பதிவுக்கு ஒரு சோப்புப் பெட்டியை ஒத்த சிவப்புப் பெட்டி போதும் என்றாயிற்று. அதில் கவனிக்க வேண்டியது, கருவிக்கென உள்ள இன்ஸ்ட் என்ற பொத்தான். பேஸின் காந்தச் சுருள் பலவீனமான ஊற்று. அதை 10 கிலோஓம் அளவு மின்மறுப்புள்ள சாதாரண லைன் துளையில் செருகினால் பாரம் தாங்காமல் மேலொலி மங்கிவிடும். பொத்தானை அழுத்தினால் மின்மறுப்பு ஒரு மெகாஓம் அளவுக்கு ஏறி, சுருளுக்குப் பாரம் தெரியாது. பதிவு செத்துக் கிடக்கிறது என்று இவ்வரிகளை எழுதுபவரிடம் குறைசொல்லி வந்த மாணவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பொத்தான்தான் மருந்தாக இருந்தது.

பதிவின் உரப்பை எவ்வளவு வைப்பது என்பதில் நாடாக்காலத்துப் பழக்கம் இன்னும் தொல்லை தருகிறது. நாடாவில் இரைச்சலை மூழ்கடிக்க முள்ளைச் சிவப்பு வரை தள்ள வேண்டியிருந்தது. 24 பிட் பதிவில் இரைச்சல் பாதாளத்தில் கிடப்பதால், மிக ஓங்கிய சுரம் பூஜ்யத்துக்கு 12 டெசிபெல் கீழே நின்றாலே போதும். பூஜ்யத்தைத் தாண்டினால் முகடு வெட்டுப்படும், அந்த வெட்டு ஃபஸ்ஸைப் போல் இனிமையானதன்று. கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறையில் சிகரங்கள் எதிர்பாராமல் பாயும், அங்கே இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

வாசித்த சுரம் கணினிக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வர எடுக்கும் தாமதத்தை லேட்டன்சி என்பர். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் பதிவில் கணினி ஒரு தடவைக்குக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கையான பஃபரை 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி, 1024 என்று வைத்தால் 21 மில்லிநொடி. காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நடக்கிறது என்பதை நினைத்தால் அச்சம் குறையும்: மேடையில் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் ஒன்பது மில்லிநொடித் தாமதத்தோடுதான் வாசிக்கிறார், தாளம் தவறுவதில்லை. இருபதைத் தாண்டினால் விரல் குழம்பும். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்தும், கலவை செய்யும்போது கூட்டியும் வைத்துக்கொள்வது வழக்கம்.

அறையின் கதை வேறு. சென்னை வாடகை வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சாதாரணம். உயரமும் பத்தடியாக அமைந்துவிட்டால் பேஸுக்கு அதைவிடக் கெட்ட இடம் அரிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி அலை முட்டித் திரும்பி நிலையாக நிற்கும் அதிர்வெண், ஒலியின் வேகத்தைச் சுவர்களின் இடைவெளியைப்போல் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். பத்தடி என்பது 3.05 மீட்டர், விடை 56 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்திக்கு அடுத்த தந்தியான ஏ 55 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே எண்ணைச் சொல்வதால் அந்த ஒரு சுரம் மூலையில் கோயில் மணிபோல் கணகணக்கும், அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அதுவே காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்து கலவை செய்தவர், ஏ குறைகிறது என்று எண்ணிக் கூட்டிவைப்பார். பாட்டு காரில் ஒலிக்கும்போது கதவு அதிரும். முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினால் தீரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆறு மீட்டர் நீளமுள்ள அலைக்கு முட்டை அட்டை இருப்பதே தெரியாது. துணி நிறைந்த பீரோவும், மூலையில் சுருட்டி நிறுத்திய பஞ்சு மெத்தையும் அதைவிடச் சற்று உதவும், அவ்வளவே. ஆகவே அடியைப் பற்றிய தீர்ப்பை மூடிய வகை ஹெட்ஃபோனில் சொல்லிவிட்டு, அறையின் ஒலிபெருக்கியை மற்றவற்றுக்கு மட்டும் நம்புவதே அத்தகைய வீட்டில் சாத்தியமான நேர்மை.

இத்தனைக்கும் பிறகு பதிவில் கைக்கொள்ள வேண்டிய முறை, பெடலின் பிளெண்ட் குமிழ் கற்றுக்கொடுத்ததே. கருவியிலிருந்து வரும் குறிப்பைத் தொடக்கத்திலேயே பிரித்து, ஒன்றை எந்தப் பெடலும் தொடாமல் இன்டர்ஃபேஸின் முதல் சேனலிலும், பெடல்களைக் கடந்து வருவதை இரண்டாம் சேனலிலும் பதிவதே அம்முறை. கலவையில், பெடல் டிராக்கின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டுத் தூய டிராக்கின் அடியோடு சேர்த்தால், கரகரப்பு கைப்பேசிக்கும் அடி பெரிய ஒலிபெருக்கிக்கும் போய்ச் சேரும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பொறி உண்டு. டிஜிட்டல் பெடல் குறிப்பை இரண்டு மில்லிநொடி தாமதித்தால், 250 ஹெர்ட்ஸில் இரு டிராக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெடல் அலையைத் தலைகீழாக்கி அனுப்பினால் வெட்டிய எல்லையை ஒட்டிய பகுதி மெலியும். திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒரே சுரத்தின் முதல் முகடு இரு டிராக்கிலும் ஒரே இடத்தில், ஒரே திசையில் எழுகிறதா என்று பார்த்துச் சில மாதிரி அளவு நகர்த்தினால் போதும். அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பார்த்து, எந்த நிலையில் அடி தடிமனாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

தூய டிராக்கின் பயன் அன்றோடு முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து ஃபஸ் அதிகமாகிவிட்டது என்று பாடகருக்குத் தோன்றினால், அந்த டிராக்கையே இன்டர்ஃபேஸிலிருந்து வெளியே அனுப்பி, உரப்பைக் கருவியின் அளவுக்குக் குறைக்கும் ரீஆம்ப் பெட்டி வழியாகப் பெடல்களில் மீண்டும் செலுத்திப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். மின்மாற்றி உள்ள சாதாரண டிஐ பெட்டியைத் தலைமாற்றிச் செருகியே பலரும் இதைச் செய்துவிடுகின்றனர். வட்டில் இடம் பற்றவில்லை என்று பழைய கோப்புகளை அழிக்கும் நாளில் எல்லாவற்றையும் அழித்தாலும் தூய டிராக்கை மட்டும் அழிக்க வேண்டாம் என்பதே இத்துறைக்குப் புதிதாக வருபவரிடம் வைக்கும் வேண்டுகோள். இவ்வரிகளை எழுதுபவரின் பெடல் பலகையில் இன்று இருப்பவை கம்ப்ரஸர், ஆக்டேவர், பிளெண்ட் உள்ள டிஸ்டார்ஷன், டிஐ ஆகிய நான்கு. மற்ற பதினொரு பெடல்கள் பரணில் இருக்கின்றன, கால் வளைந்த மின்தேக்கியோடு மூடி சரியாக அமராத அந்தப் பெடலும் அவற்றுள் ஒன்று.